பாட்டு மாறினாலும் விடை மாறுவதில்லை: மேல்நிலை வகுப்பில் நயமும் வாதமும்

கேள்வி, ஜூன் 15, 2024

பதினொன்றாம் வகுப்புக்கு இந்த ஆண்டுதான் தமிழ் எடுக்க ஆரம்பித்திருக்கிறேன். ஒரு பாட்டைக் கொடுத்து நயம் பாராட்டச் சொன்னால் வகுப்பே ஒரே விடையை எழுதுகிறது. பாட்டை மாற்றிக் கொடுத்தாலும் விடை மாறுவதில்லை. கட்டுரையும் அப்படித்தான். திறனாய்வெல்லாம் கல்லூரியில் பார்த்துக்கொள்ளட்டும், இங்கே மதிப்பெண்ணுக்கு வழி செய்தால் போதும் என்கிறார் உடன் வேலை பார்க்கும் ஆசிரியர். அவர் சொல்வது சரியா?

ஜூன் 15, இரவு

சரியில்லை. 'காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை', 'மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை' என்று தொடங்கும் விடைத்தாள்களை நானும் ஆண்டுதோறும் திருத்துகிறேன். அந்த வரிக்குக் கீழே இரண்டு சொற்களை எடுத்து எழுதி, முதலெழுத்து ஒன்றி வந்ததால் மோனை என்று முடித்துவிடுவார்கள். மோனை இருப்பது உண்மைதான். அங்கே அது என்ன வேலை செய்கிறது? நாம் அதைக் கேட்பதே இல்லை. கேட்காத கேள்விக்கு எந்தப் பிள்ளையும் விடை எழுதாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நயம் பாராட்டுவதும் வாதிட்டு எழுதுவதும் ஒரே திறன். ஒன்றைச் சொல்ல வேண்டும், அதற்குச் சான்று காட்ட வேண்டும், அந்தச் சான்று எப்படி அதை நிறுவுகிறது என்று விளக்க வேண்டும். பாட்டைப் பற்றிச் செய்தால் அது நயம். ஊர்ப் பிரச்சினையைப் பற்றிச் செய்தால் விண்ணப்பம். இரண்டையும் தனித்தனி வாய்பாடாக மனப்பாடம் செய்ய வைப்பதால்தான் இரண்டுமே வருவதில்லை.

ஜூன் 16

எந்தப் பாட்டில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கபிலரின் குறுந்தொகை 25-ஆம் பாட்டில் தொடங்குவேன். பாடநூலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். ஐந்தே வரி, கரும்பலகையில் எழுதிவிடலாம்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

பொருளை நானே சொல்லிவிடுவேன். 'நீங்களே கண்டுபிடியுங்கள்' என்று சங்கப் பாட்டைக் கையில் கொடுத்தால், சொற்களோடு மல்லுக்கட்டியே பாதி வகுப்பு களைத்துப்போகும். தலைவி தோழியிடம் சொல்கிறாள்: அவன் என்னோடு கூடிய அன்று அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான். அவன் சொன்ன சொல்லைப் பொய்யாக்கினால் நான் என்ன செய்வேன்? தினையின் தாள் போன்ற சிறிய பசுங்கால்களோடு, ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நீர்ப்பறவையான ஒரு குருகும் நின்றது.

அப்புறம் ஒரே கேள்வி கேட்பேன். இந்தக் குருகை ஊர்ப் பஞ்சாயத்தில் சாட்சியாக நிறுத்தினால் என்ன ஆகும்?

சென்ற ஆண்டு வகுப்பில் முதலில் சிரித்தார்கள். பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன், "அது மீனைத்தானே மிஸ் பார்த்துச்சு, இவங்கள எங்க பார்த்துச்சு?" என்றான். "பார்த்திருந்தாலும் அதுக்குப் பேச வராது" என்றாள் ஒரு பெண். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ எதுக்கு மிஸ் அதைச் சொல்றா?" என்று கேட்டாள்.

அந்த மூன்றாவது கேள்விதான் திறனாய்வு. யாரும் இல்லை என்று சொல்லி நிறுத்தியிருக்கலாமே. ஒன்றுக்கும் உதவாத ஒரு சாட்சியை, அதன் காலின் நிறம் வரைக்கும் ஏன் சொல்ல வேண்டும்? 'எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடுகிறாள், கிடைத்தது இதுதான்' என்றார்கள் சிலர். 'அன்று நடந்ததில் ஒரு துளிகூட அவளுக்கு மறக்கவில்லை, அவன்தான் மறந்துவிடுவான்' என்றார்கள் சிலர். இரண்டுக்கும் பாட்டுக்குள் ஆதாரம் உண்டு. பாடம் அத்தோடு முடிந்தது. அணி, சுவை என்று எதையும் நான் அன்று எழுதிப் போடவில்லை.

ஜூன் 19

"இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஆம், இந்தப் பாட்டுதான். சொன்ன சொல்லை ஒருவன் மறுத்துவிட்டால் நிரூபிக்க வழியில்லாமல் நிற்கும் பெண்ணின் பயம் அதில் இருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அது புரியாத விஷயமா? அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமும்கூட. ஆசிரியர் கூச்சப்பட்டு வேகமாகக் கடந்தால்தான் வகுப்பில் கிசுகிசுப்பு வரும். நேராகச் சொன்னால் நேராகவே கேட்பார்கள்.

ஜூன் 22

தலைப்பு போட்டு எழுதினால்தான் திருத்துபவர் மதிப்பெண் போடுவார் என்கிறீர்கள். தலைப்பு இருக்கட்டும். திரண்ட கருத்து, மையக்கருத்து, எதுகை, மோனை, முரண், அணி என்று வரிசையாகவே எழுதட்டும். அந்தத் தலைப்புகளோடு எனக்குச் சண்டை இல்லை. ஒவ்வொரு தலைப்பின் கீழும் மூன்று வாக்கியம் இருக்க வேண்டும், அதை மட்டும் விடாமல் கேட்பேன். நான் என்ன சொல்கிறேன், எந்த வரியில் இருக்கிறது, அங்கே இருப்பதால் பாட்டுக்கு என்ன ஆகிறது.

தேவகுலத்தார் பாடிய குறுந்தொகை 3-ஐ வைத்துக் காட்டுகிறேன்.

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே

நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழமானது, குறிஞ்சிப் பூவிலிருந்து தேன் சேரும் மலைநாட்டானோடு நான் கொண்ட நட்பு என்கிறாள் தலைவி. வழக்கமாக வரும் விடை இது: 'நிலத்தினும், நீரினும் என மோனை அமைந்து பாடலுக்கு அழகு சேர்க்கிறது.' இந்த வாக்கியத்தை எந்தப் பாட்டுக்கும் ஒட்டலாம்.

என் வகுப்பில் ஒரு மாணவி முரண் என்ற தலைப்பின் கீழ் எழுதியது கிட்டத்தட்ட இப்படி இருந்தது: 'முதல் இரண்டு வரிகளில் நிலம், வானம், கடல் என்று அளக்கவே முடியாதவை வருகின்றன. அடுத்த இரண்டு வரிகளில் ஒரு பூவும் தேனும் வருகின்றன. பெரியதைச் சொல்லிவிட்டுச் சிறியதுக்கு இறங்குவதால், காதல் எவ்வளவு பெரியது என்று மட்டுமல்ல, அது எப்படித் துளித்துளியாகச் சேர்ந்தது என்றும் தெரிகிறது.' இதை இன்னொரு பாட்டுக்கு எடுத்து ஒட்ட முடியாது. நயம் பாராட்டலுக்கு நான் வைத்திருக்கும் சோதனை அது ஒன்றுதான்: வாக்கியத்தை எடுத்து வேறு பாட்டின் கீழ் வைத்துப் பார். அங்கேயும் பொருந்தினால் அடித்துவிடு.

இந்தச் சோதனையைப் பிள்ளைகளே செய்துகொள்ளலாம். ஒருவர் தாளை இன்னொருவர் வாங்கி, பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பு கலகலப்பாகிவிடும்.

ஜூலை 7

கட்டுரை பக்கம் வருகிறேன். முன்னுரை, நான்கு உட்தலைப்பு, முடிவுரை, ஒரு குறள், ஒரு பாரதி வரி. சுற்றுச்சூழலுக்கும் இதே சட்டகம், நூலகத்துக்கும் இதே சட்டகம். பிள்ளைகளைக் குறை சொல்ல எதுவும் இல்லை. குறிப்புகளை நாமே கொடுத்து, விரித்து எழுது என்கிறோம். விரித்து எழுதுகிறார்கள். வாதிடு என்று யாரும் கேட்கவில்லை.

வாதம் என்றால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு உடனே நினைவுக்கு வருவது பட்டிமன்றம். அதில் நல்லதும் இருக்கிறது, எழுத்துக்கு ஆகாததும் இருக்கிறது. எதிரணி சொன்னதைக் கவனித்துக் கேட்டு அதற்கு மறுமொழி சொல்லும் பழக்கம் நல்லது. 'மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே' என்று கட்டுரையைத் தொடங்குவதும், கைதட்டலுக்காக இடையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கைச் செருகுவதும், அணிக்கு ஒதுக்கப்பட்டதால் மட்டுமே ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டு கத்துவதும் எழுத்தைக் கெடுக்கின்றன.

பட்டிமண்டபம் மணிமேகலையிலேயே வருகிறது. விழாவறை காதையில் இந்திர விழாவை அறிவிக்கும்போது, சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுங்கள் என்று முரசறைபவன் சொல்கிறான். உடனே, பகைவரோடு ஆனாலும் கோபமும் கலகமும் செய்யாமல் விலகிப் போங்கள் என்றும் சொல்கிறான். 'செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்.' என் வகுப்பில் விவாதம் நடக்கும் நாளில் இந்த வரியைப் பலகையின் மேல் ஓரத்தில் எழுதிவைப்பேன். குரல் உயரும்போது ஒன்றும் பேசாமல் அதைக் கை காட்டினால் போதும்.

ஜூலை 21

வாதம் எப்படிக் கட்டப்படுகிறது என்று காட்டச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைவிட நல்ல பகுதி எனக்குத் தெரியாது. நாம் அதை வீரம், கற்பு, அவலச்சுவை என்று நடத்திவிடுகிறோம். ஒரு முறை வழக்காக மட்டும் படித்துப் பாருங்கள்.

பாண்டியன் 'நீ யார்' என்று கேட்கிறான். கண்ணகி ஊர்ப் பெயரை மட்டும் சொல்லவில்லை. புறாவின் துயர் தீர்த்தவனும், பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் மடியச் செய்தவனும் ஆண்ட புகார் என் ஊர் என்கிறாள். தன் துயரத்தைச் சொல்வதற்கு முன்பே, அரசன் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்ற அளவுகோலை அவையின் நடுவே நட்டுவிடுகிறாள். பாண்டியனாலும் அதை மறுக்க முடியாது.

அவன் பதில் சொல்கிறான்: 'கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று.' இங்கே வகுப்பை நிறுத்தி, அவன் சொன்னது தவறா என்று கேட்பேன். பாதிப் பேர் உடனே தவறு என்பார்கள். சரியாகப் பாருங்கள் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். கள்வனைத் தண்டிப்பது கொடுங்கோன்மை ஆகாது என்ற விதியைக் கண்ணகி எதிர்க்கவே இல்லை. அதைக் கையால்கூடத் தொடவில்லை. என் கணவன் கள்வனா என்பதுதான் அவளுடைய கேள்வி. விதியை ஏற்றுக்கொண்டு, அது இங்கே பொருந்துமா என்று மட்டும் கேட்கிறாள். வீட்டில் அப்பாவோடு வாக்குவாதம் செய்யும் பிள்ளைக்கும் இது உதவும். 'இரவில் வெளியே போகக் கூடாது' என்ற விதியோடு மோதுவதா, 'இது அந்த மாதிரிப் போவது ஆகாது' என்று காட்டுவதா?

அடுத்து சான்று. 'என்காற் பொற்சிலம்பு மணியுடை அரியே' என்கிறாள். அவன் 'யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே' என்கிறான். அவள் சிலம்புக்குள் இருக்கும் பரல் மாணிக்கம், அரசியின் சிலம்புக்குள் இருப்பது முத்து. உடைத்துப் பார்ப்பதற்கு முன்பே இருவரும் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்கள். இனி யாராலும் பேச்சை மாற்ற முடியாது. சிலம்பு உடைகிறது, மணி தெறித்து மன்னவன் வாய்முதலில் படுகிறது. அவள் அதற்கு மேல் விளக்கம் சொல்லத் தேவையே இல்லாமல் போகிறது. 'யானோ அரசன், யானே கள்வன்' என்று தீர்ப்பை அவனே சொல்கிறான்.

அளவுகோல், விதி, பொருத்தம், சோதித்துப் பார்க்கக்கூடிய சான்று. இந்த நான்கையும் பிள்ளைகள் தாங்களே அடிக்கோடிட்டுக் கண்டுபிடிக்க இரண்டு பாடவேளை ஆகும். ஆகட்டும்.

ஜூலை 23

கண்ணகி கோபத்தில்தானே பேசுகிறாள், அது எப்படி வாதமாகும் என்ற கேள்விக்குப் பதில்: ஆம், கோபத்தில்தான் பேசுகிறாள், 'தேரா மன்னா' என்றுதான் தொடங்குகிறாள். வாதம் என்றால் உணர்ச்சியே கூடாது என்று நான் சொல்லவில்லை. கோபம் அவளைப் பேச வைத்தது, சிலம்பு அவளை வெல்ல வைத்தது. கோபத்தை மட்டும் எழுதிக்கொண்டு வரும் தாளில் நான் ஓரத்தில் எழுதுவது 'சிலம்பு எங்கே?' என்ற இரண்டே சொல். பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

ஆகஸ்ட் 11

கூற்று, சான்று, விளக்கம் என்பதெல்லாம் வெளிநாட்டுப் பாடத்திட்டங்களிலிருந்து வந்த முறை, நம் மரபில் இல்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மணிமேகலையின் 29-ஆம் காதையைப் படித்துப் பாருங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று வாதத்தின் ஐந்து உறுப்புகளைப் பௌத்தத் துறவி அறவண அடிகள் எடுத்துக்காட்டோடு சொல்கிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். மலையிலும் புகை இருக்கிறது என்று பொருத்திக் காட்டுவது உபநயம். புகை உள்ளது நெருப்பு உடையது என்று முடிப்பது நிகமனம்.

பௌத்த, வைதிகத் தருக்க நூல்களில் வளர்ந்த முறைதான் இது. ஆனால் தமிழ்க் காப்பியத்துக்குள், தமிழ் வடிவம் எடுத்த சொற்களில், சமையல்கட்டு உதாரணத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறது. இதை நாம் எடுத்துப் பயன்படுத்தாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பிள்ளைகளிடம் இந்தப் பெயர்களைச் சொல்லி மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் மோனை எதுகைக்குப் பக்கத்தில் இன்னும் ஐந்து சொல் சேரும், அவ்வளவுதான். நான் கேட்பது மூன்று கேள்வி: என்ன சொல்கிறாய்? எதனால்? எங்கே பார்த்தாய்?

ஆகஸ்ட் 25

விண்ணப்பம் எழுதும் பயிற்சி பற்றி. பத்தாம் வகுப்பில் உணவு விடுதியில் தரமில்லாத உணவு பற்றி உணவுப் பாதுகாப்பு ஆணையருக்குக் கடிதம் எழுதச் சொல்கிறோம் அல்லவா? பிள்ளைகள் எழுதுவது: 'உணவு தரமற்றதாகவும் விலை கூடுதலாகவும் இருந்தது. தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' அந்தக் கடிதம் மேசைக்கு வந்தால் அதிகாரி என்ன செய்வார் என்று கேளுங்கள். எந்தக் கடை, எந்த நாள், என்ன வாங்கினாய், ரசீது எங்கே? இவை இல்லாமல் அவரால் அசையக்கூட முடியாது. பணிவன்பு போதுமான அளவு இருக்கிறது, சான்று இல்லை.

இந்த ஆண்டு நாங்கள் உண்மையாகவே ஒரு விண்ணப்பம் எழுதினோம். பள்ளி விடுவதற்குச் சற்று முன்னால் ஒரு பேருந்து போய்விடுகிறது. அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். முதல் வரைவு வழக்கம்போல் 'மிகவும் சிரமப்படுகிறோம், ஆவன செய்ய வேண்டும்' என்று இருந்தது. நீங்கள்தான் அந்தக் கிளை மேலாளர், இதை ஏன் மறுப்பீர்கள் என்று எழுதுங்கள் என்றேன்.

மறுப்புகளைத்தான் அவர்கள் அற்புதமாக எழுதினார்கள். புதிய வண்டிக்கு ஓட்டுநர் இல்லை. நேரத்தை மாற்றினால் அடுத்த ஊரில் காத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். எப்போதும் பேசாத ஒரு பையன், "நாம எல்லாரும் பஸ் பாஸ்ல போறோம், டிக்கெட்டே எடுக்கிறதில்ல. நமக்காக எதுக்கு வண்டி நேரத்த மாத்தணும்னு கேப்பாங்க" என்றான். வகுப்பு அமைதியாகிவிட்டது. நான் அந்தக் கோணத்தில் யோசித்திருக்கவில்லை.

அதிலிருந்து விண்ணப்பமே வேறு ஆளாகிவிட்டது. புதிய வண்டி கேட்பதை விட்டார்கள். இருக்கிற வண்டி இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பினால் போதும் என்றார்கள். அதே நேரத்தில் மில் வேலை முடிந்து வருபவர்களும் அந்த நிறுத்தத்தில் நிற்பதை இரண்டு பேர் போய்ப் பார்த்துக் குறித்து வந்தார்கள். அவர்கள் சீட்டு எடுக்கும் பயணிகள். அந்தத் தகவல் இரண்டாம் பத்தியில் ஏறியது. தங்கள் சிரமம் கடைசிப் பத்திக்குப் போனது. நான் கேட்டுச் செய்யவில்லை, அவர்களே மாற்றினார்கள்.

ஆகஸ்ட் 27

பதில் வந்ததா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். இன்னும் இல்லை.

செப்டம்பர் 14

எதிர்க்கருத்தை எழுத வைப்பது எப்படி என்ற கேள்விக்கு நன்னூலிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். பவணந்தி முனிவர் பாயிரத்தில் நூலுக்குரிய ஏழு மதங்களை, அதாவது ஏழு கொள்கைகளை, சொல்கிறார். பிறர் கருத்துக்கு உடன்படுதல், மறுத்தல், பிறர் கருத்தை ஏற்றுக்கொண்டு பிறகு களைதல், தானே ஒன்றை நாட்டி அதை நிறுவுதல், இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், பிறர் கருத்தோடு சேராமல் தன் கருத்தைக் கொள்ளுதல். மேல்நிலை வகுப்புப் பிள்ளை எழுதக்கூடிய எந்த வாதமும் இந்த ஏழுக்குள் வந்துவிடும். இலக்கணம் என்று தனியாக ஒதுக்கி ஒரு மதிப்பெண் வினாவுக்குப் படிக்க வைக்கிறோம்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. பிறர் மதத்தை மேற்கொண்டு களைதல். எதிராளி சொல்வதை அவரைவிட நன்றாக ஒரு பத்தியில் எழுது, அப்புறம் உன் பதிலை எழுது. 'சிலர் தவறாக நினைக்கிறார்கள்' என்று தொடங்கும் பத்தியை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அவர்கள் ஏன் அப்படி நினைக்கிறார்கள்? அதில் எது நியாயம்? அதை எழுதாமல் மறுக்க முடியாது.

இதற்குக் கம்பனின் வாலி வதைப் படலம் நல்ல களம். மறைந்து நின்று அம்பு எய்தது ஏன் என்று வாலி கேட்கிறான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது இராமன் அல்ல, இலக்குவன். உன் தம்பி முதலில் சரண் புகுந்துவிட்டான், அவனுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, நேரில் வந்தால் நீயும் அடைக்கலம் என்று விழுந்துவிடக்கூடும், அதனால் மறைந்து எய்தார் என்கிறான். இந்தப் பதில் போதுமா? வகுப்பு இரண்டாகப் பிரியும். போதும் என்பவர் போதாது என்பவரின் கட்சியை எழுத வேண்டும், அவர் இவரின் கட்சியை எழுத வேண்டும்.

சாமி விஷயம், வம்பு வரும் என்று பயப்படுபவர்களுக்கு: கம்பன் வாலியைத் தாராளமாகப் பேச விட்டிருக்கிறான். இவ்வளவு கூர்மையான கேள்விகளை இராமனை நோக்கி எழுதியவன் இராமபக்தன்தான். பிள்ளைகளிடம் அதைச் சொல்லித் தொடங்குங்கள். யார் சரி என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். எந்த வரியை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.

செப்டம்பர் 29

காலாண்டுத் தாள் திருத்தி முடித்தேன். ஒன்று உறுத்துகிறது.

ஜூனில், நயமும் வாதமும் ஒரே திறன் என்று எழுதியிருந்தேன். அதைக் கைவிடவில்லை, ஆனால் அதற்கு ஓர் எல்லை போட வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. விண்ணப்பத்தில் ஒரு முடிவுதான் இருக்க முடியும், வண்டி இருபது நிமிடம் தள்ளிக் கிளம்ப வேண்டும். பாட்டில் அப்படி இல்லை. குருகு உதவாத சாட்சியாகவும் இருக்கலாம், மறக்க முடியாத நினைவாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். நல்ல தாள்கள் சிலவற்றில் பிள்ளைகள் ஒரு வாசிப்பை எடுத்துக்கொண்டு மற்றதை அடித்து நொறுக்கியிருந்தார்கள். வாதம் பலமாக இருந்தது. பாட்டு சுருங்கிப்போய்விட்டது.

அதனால் வகுப்பில் இரண்டு மாற்றம் செய்கிறேன். கேள்வி கேட்பதற்கு முன் பாட்டை இரண்டு முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும், ஒரு முறை நான், ஒரு முறை ஒரு மாணவர். காதில் விழாத பாட்டைப் பற்றி எழுதக் கூடாது. இரண்டாவது, நயம் பாராட்டும் தாளின் கடைசியில் 'எனக்கு இன்னும் விளங்காத வரி' என்று ஒன்று எழுத வேண்டும். தேர்வில் அதை எழுத வேண்டாம், வகுப்பு நோட்டில் மட்டும். அந்த ஒரு வரியைப் படிக்கத்தான் இப்போது நான் ஆவலோடு நோட்டைத் திறக்கிறேன்.

அக்டோபர் 13

"இவ்வளவையும் யார் திருத்துவது?" நியாயமான கேள்வி. இரண்டு பிரிவு என்றாலே நூறு தாள் வந்துவிடும்.

எல்லாவற்றையும் எல்லா முறையும் திருத்தாதீர்கள். இந்த வாரம் சான்று மட்டும், அடுத்த வாரம் தொடக்கம் மட்டும். ஒற்றுப்பிழையைத் தனியாக ஒரு நாள் பாருங்கள். வாதம் பார்க்கும் நாளில் சிவப்பு மையால் வல்லினம் மிகும் இடங்களைச் சுழித்துக்கொண்டே போனால், பிள்ளை அடுத்த முறை பிழையில்லாத சின்னச் சின்ன வாக்கியமாக எழுதிக் கொடுக்கும், யோசிக்காது. இதைத் தமிழாசிரியர்கள் பலர் ஏற்க மாட்டீர்கள் என்று தெரியும். பிழை முக்கியம்தான். அதற்கு வேறு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்கிறேன்.

ஓரத்தில் 'நன்று', 'முயற்சி செய்' என்று எழுதுவதற்குப் பதில் ஒரு கேள்வி எழுதுங்கள். கேள்வி எழுதினால் பிள்ளை திரும்பி வந்து பேசும்.

நவம்பர் 10

கைபேசியில் கேட்டு வாங்கி எழுதி வரும் கட்டுரைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வந்துகொண்டுதான் இருக்கின்றன. நான் வீட்டுக்குக் கட்டுரை கொடுப்பதைக் குறைத்துவிட்டேன். வீட்டிலிருந்து தகவல் கொண்டு வரட்டும், யாரிடம் பேசினாய், என்ன பார்த்தாய், என்ன எண்ணிக்கை. எழுதுவது வகுப்பில், பேனாவால். நிறுத்தத்தில் எத்தனை மில் தொழிலாளர்கள் நின்றார்கள் என்று எந்தக் கைபேசியும் சொல்லாது. இதற்கு மேல் இந்த விஷயத்தில் எனக்குச் சொல்ல இல்லை.

நவம்பர் 17

பேருந்து விஷயம். வண்டி பத்து நிமிடம் தள்ளிக் கிளம்புகிறது. கேட்டது இருபது. ஓடினால் பிடிக்கலாம் என்கிறார்கள் பிள்ளைகள். மில் தொழிலாளர்கள் எல்லாருக்கும் அது எட்டவில்லை. அதனால் அவர்களையும் கையெழுத்துப் போட வைத்து இரண்டாவது விண்ணப்பம் எழுதப் போவதாகச் சொன்னார்கள். முதல் விண்ணப்பத்தில் ஏற்கப்பட்டதற்கு நன்றி சொல்லித் தொடங்க வேண்டுமா, கூடாதா என்று அரை மணி நேரம் சண்டை. நன்றி சொன்னால் போதும் என்று நினைத்துவிடுவார்கள் என்பது ஒரு கட்சி. சொல்லாவிட்டால் படிக்கவே மாட்டார்கள் என்பது இன்னொரு கட்சி. கடைசியில் நன்றியை வைத்து, அதே வாக்கியத்தில் மீதிப் பத்து நிமிடத்தையும் வைத்துவிட்டார்கள். எந்த உரைநடைப் பாடமும் இந்த வாக்கிய அமைப்பைக் கற்றுத் தந்திருக்காது.

டிசம்பர் 22

முதல் கேள்வி கேட்டவருக்கு. அரையாண்டில் உங்கள் வகுப்பில் விடைகள் வேறுவேறாக வந்தன, ஆனால் சிலருக்கு மதிப்பெண் குறைந்தது, தலைமையாசிரியர் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

குறைந்தவர்களின் தாளை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் நேரம் போதாமல் குறைந்திருக்கும். யோசித்து எழுதும் பிள்ளை முதலில் மெதுவாகத்தான் எழுதும். ஜனவரியிலிருந்து ஆண்டுத் தேர்வு வரை நான் செய்வது இதுதான்: வாரம் ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்து எழுத வைப்பேன். நயம் பாராட்டலில் திரண்ட கருத்துக்கு மூன்று வரிக்கு மேல் வேண்டாம். அதை ஒரு பக்கம் எழுதிவிட்டு மற்றதுக்கு நேரமில்லாமல் தவிப்பவர்கள்தான் அதிகம். தெரிந்த நயம் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அந்த மூன்று வாக்கியம். தலைப்பை அடிக்கோடிடச் சொல்லுங்கள், திருத்துபவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கட்டுரைக்கு உட்தலைப்புகளைக் குறிப்பில் உள்ளபடியே வைத்துக்கொண்டு, ஏதாவது ஒரு உட்தலைப்பின் கீழ் மட்டும் எதிர்க்கருத்தை எடுத்துப் பதில் சொல்லட்டும். அதற்கு மேல் தேர்வில் இடமில்லை.

தலைமையாசிரியரிடம் சூன் மாதத் தாளையும் டிசம்பர் தாளையும் ஒரே மாணவருடையதாக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். மதிப்பெண் பட்டியலைக் கொண்டுபோய் வைக்காதீர்கள், தாளை வையுங்கள். அவரும் ஒரு காலத்தில் வகுப்பெடுத்தவர்தான்.